பொன்னாடைக்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

“பெருந்தொற்று போன்ற நெருக்கடிக் காலத்தில் பணியாற்றும் அரசு ஊழியர்களை மக்கள் எவ்வாறு பாராட்டலாம், எவ்வகையில் ஆதரவாக இருக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் ஏதோ ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றும், மண்டபம், மேடை, கேடயம் என்று பாதி முடிவு செய்த பிறகு கேட்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கண்டதும் கடந்து போக என்னால் முடியவில்லை.

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து, 2022 மே 31 அன்று ஓய்வு பெற்றவள் நான். முறைப்படி பார்த்தால் 2020 மே 31 அன்றே என் பணி முடிந்திருக்க வேண்டும். அந்த மாதத்தின் முதல் வாரத்தில் தமிழக அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 59ஆக உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆனது. இரண்டு முறையும் நான் விளிம்பில் நின்றதால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. “நர்சம்மாவுக்கு யோகம்” என்றார்கள் உறவினர்கள். எந்த இரண்டு ஆண்டுகள் அவை என்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“சம்பளம் வாங்கிக்கொண்டுதானே வேலை பார்த்தீர்கள், இதில் தியாகம் எங்கே வந்தது?” என்று கீழே ஒருவராவது எழுதுவார் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியாகம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஊரடங்கில் கூலி வேலைக்குப் போக வழியின்றி என் பகுதி மக்கள் ஆயிரம் ரூபாய் நிவாரணத்துக்கும் இலவச அரிசிக்கும் டோக்கன் வைத்துக்கொண்டு நியாயவிலைக் கடை வாசலில் நின்றபோது, என் சம்பளம் மாதக் கடைசியில் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வேற்றுமையை நான் மறந்ததில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஆதரவைப் பற்றி. சம்பளத்தால் வாங்க முடியாத சில பொருட்கள் அந்த நாட்களில் எங்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2020 மார்ச் 22 ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டித் தட்டுகளை ஒலித்தது. மே 3 அன்று விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத் தூவின. அதே வாரம், மே 5 அன்று, தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. எங்கள் மாவட்டத்துக்கும், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்கும் உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கிற்று. சந்தையில் மூட்டை தூக்கியவர்களும், கடைகளில் வேலை செய்தவர்களும், காய்கறி லாரிகளில் தார்ப்பாயின் கீழ் படுத்து இரவோடு இரவாக ஊர் திரும்பினார்கள். அவர்களைக் கண்டறிந்து, பரிசோதனைக்கு அனுப்பி, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலை எடுத்து, வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டி, அன்றைய எண்ணிக்கையை மாலைக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது எங்கள் பொறுப்பு. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள் என்பது கணக்கு. கர்ப்பிணிகளின் பிரசவத் தேதிகள் ஊரடங்கைப் பார்த்துத் தள்ளிப்போவதில்லை என்பதால், அந்த வேலையும் குறையாமல் உடன் வந்தது.

எங்கள் பக்கத்தில் மே மாதம் என்றால் பலாக் காலம். வெயிலோ தோலை உரித்துவிடும். பேருந்து கிடையாது. காலை ஏழரை மணிக்கு என் கணவர் வண்டியில் கொண்டுவந்து விட்டால், மீண்டும் வந்து அழைத்துச் செல்லும்வரை நடைதான். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். இருபது ஆண்டுகளாக நான் போனால் திண்ணையில் பாய் விரித்துக் காப்பி கொடுத்த வீடுகள் அந்த மே மாதத்தில் தாழிடப்பட்டிருந்தன. கேள்விகளுக்கு ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் நாற்பது வீடு ஏறி இறங்குபவளைக் கண்டு அஞ்சுவது இயல்பே, அஞ்சச் சொன்னதும் நாங்கள்தான். இருந்தாலும், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, பிற்பகல் மூன்று மணிவரை ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடந்த நாட்கள் எனக்கு உண்டு. என்னோடு பணியாற்றிய பெண்களில் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடாதவர்கள் குறைவு. இதை எந்தப் பாராட்டு விழாவிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தெருக்கோடியில் தனியாக வசிக்கும் ஓர் ஆயா என்னைத் தூரத்திலிருந்தே கைகாட்டி நிறுத்தினார். அரசுத் திட்டத்தில் அவருக்கு வீட்டுக்கு வெளியே ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இத்தகைய கழிப்பறைகள் பலவற்றில் நடப்பது போலவே, அவரும் அதை வறட்டி அடுக்கிவைக்கும் அறையாகத்தான் பயன்படுத்திவந்தார். அன்று காலை அந்த வறட்டியையெல்லாம் வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் அடுக்கியிருந்தார். உள்ளே கழுவிவிட்டு, ஒரு நீல வாளியில் தண்ணீரும் ஒரு குவளையும், சோப்பு உறை பிரிக்காமல் ஒன்றும் வைத்திருந்தார். “நர்சம்மா, இத நீ பொழங்கிக்க. நான் கொல்லைக்குப் போறவ, எனக்கு இது வாணாம். சாவி வேப்பமரத்துல தொங்கும்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. தானும் ஆறடி தள்ளியே நின்றார். அந்தச் சாவி அந்த ஆண்டு மழைக்காலம்வரை மரத்தில் ஆணியில் தொங்கியது. என்னோடு கணக்கெடுப்புக்கு வந்த அங்கன்வாடிப் பணியாளரும், தூய்மைப் பணியாளர்களாக வந்த இரண்டு பெண்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். என் 30 ஆண்டுப் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஆதரவு எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த நீல வாளியைச் சொல்வேன்.

எங்களுக்குத் தேவைப்பட்ட இரண்டாவது ஆதரவு, மறைக்காமல் சொல்லும் உண்மை. கோயம்பேட்டிலிருந்து வந்த ஓர் இளைஞனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனபோது, “புள்ள வரவே இல்லம்மா” என்று அவன் தாய் சத்தியம் செய்தார். கொல்லைப் பக்கக் கொடியில் ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்த ஜீன்ஸைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். அன்று சாயங்காலம் அவனே முந்திரித் தோப்பிலிருந்து கைப்பேசியில் அழைத்தான். பிறகு, எந்த லாரியில் வந்தான், எங்கே இறங்கித் தேநீர் குடித்தான், உடன் வந்த ஆறு பேர் எந்தெந்த ஊர் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். நான் தோப்பின் ஓரத்தில் நின்று என் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஆறு பேரில் இருவருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் ஒருவரின் வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவளை அன்றே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க முடிந்தது. அந்தப் பையன் எனக்குக் கைதட்டவில்லை, விளக்கேற்றவில்லை. எனக்கு நான்கு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தினான். கணக்கெடுக்க வருபவரிடம் முதல் நாளே மறைக்காமல் சொல்வது எத்தனை பெரிய உதவி என்பதை, ஒரு பொய்யின் பின்னால் இரண்டு கிராமம் நடந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

இனி அந்த விழாவுக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் தொற்று சற்றுத் தணிந்திருந்தபோது, பொங்கலையொட்டி எங்கள் பகுதியில் ஓர் அமைப்பினர் முன்களப் பணியாளர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். எந்த அமைப்பு என்று குறிப்பிட மாட்டேன்; நல்லெண்ணத்தோடு செய்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வந்தார். மூன்று மணிநேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தோம். எங்கள் பெயரை வாசிக்கும் முன் பதினோரு பேர் பேசினார்கள். எனக்குக் கொடுத்த கேடயத்தில் தலைப்பெழுத்து தவறாக இருந்தது, எனக்குப் பொன்னாடை போர்த்தியவரோ, சென்னையிலிருந்து வந்த தம் மைத்துனரை மே மாதம் முழுவதும் மாடியறையில் மறைத்துவைத்துவிட்டு, விசாரிக்கப் போன என்னை “எங்க வீட்டு மானத்த வாங்க வந்தியா?” என்று தெருவில் நிறுத்திக் கேட்டவர். மேடையில் இருவரும் புகைப்படத்துக்குச் சிரித்தோம். அவர் அதை மறந்திருக்கக்கூடும். நான் பழி சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அந்த விழாவுக்குச் செலவான பணத்தில், எங்கள் பகுதிக் களப்பணியாளர்கள் அனைவருக்கும் ஓராண்டுக்கான முகக்கவசம் வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. பூத் தூவுவதற்குச் சில நாட்கள் முன்பு, 2020 ஏப்ரலில், மத்திய அரசு தன் ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வை 2021 ஜூலைவரை நிறுத்திவைத்தது. தமிழக அரசும் அதையே பின்பற்றி, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவதையும் நிறுத்தியது. அரசின் நிதிநிலை எனக்குப் புரியாமல் இல்லை; அதைவிட மோசமாக நடத்தப்பட்டவர்கள் உண்டு என்பதும் தெரியும். தொற்றுக் காலத்தில் மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31 அன்று வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தெருவில் நின்று போராடினார்கள். என் மகள் வயதுடைய அந்தப் பெண்களும் கைதட்டலில் பங்கு பெற்றவர்கள்தான். அவர்கள் போராடியபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் அவர்கள் பக்கம் ஒரு வரி எழுதினார்கள்? “அரசு ஊழியர் என்றாலே போராட்டம்தான்” என்ற பழைய பேச்சுதான் திரும்ப வந்தது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது எங்களைத் தூற்றியவர்கள், 14 மாதங்களில் எங்களைக் கடவுள் ஆக்கினார்கள். மறுபடி இறக்குவதற்கு அதைவிடக் குறைந்த காலமே பிடித்தது. கடவுளாக இருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு என்ன ஆயிற்று என்று நெருக்கடி முடிந்த பிறகும் கேட்பது ஆதரவில் சேரும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

2021 மே மாத இரண்டாம் அலையில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் இறந்தார். தொற்றுப் பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர்களின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2020 மார்ச்சிலேயே அறிவித்திருந்தார்கள். அறிவிப்பு ஒரு வரி. விண்ணப்பமோ ஒரு கட்டுக் காகிதம். ஆய்வக அறிக்கை, இறப்புச் சான்று, தொற்றுப் பணியில் இருந்தார் என்பதற்கு அலுவலகச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கணவர் அலைந்தார். அவர்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், யாரும் கேட்காமலேயே ஒரு கோப்பு அட்டையோடு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, வரிசை எண் போட்டு, எந்த மேசையில் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்துவைத்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்தக் கோப்பு இரண்டு இடங்களில் காணாமல் போயிருக்கும். இப்படிப்பட்டவர்கள் உங்கள் சங்கத்தில் நிச்சயம் இருப்பார்கள். மேடைக்கு ஆள் தேடுவதற்கு முன் அவர்களைத் தேடுங்கள்.

தடுப்பூசிக் காலத்திலும் இதே கதைதான். வதந்திகளால் மக்கள் ஒதுங்கி நின்ற ஒரு முகாமில், ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் முதல் ஆளாக வந்து சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டு, அரைமணி நேரத்துக்குப் பதிலாக மதியம்வரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அவர் மயங்கி விழுகிறாரா என்று பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நான் அரைநாள் தொண்டை வறளப் பேசியதைவிட அவர் அந்தச் செய்தித்தாளைப் படித்தது அதிகம் வேலை செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் விழா எடுத்தே ஆக வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் முடிவானால், நான் தடுக்கப்போவதில்லை. சிலருக்கு அது மகிழ்ச்சி தரும். என் அங்கன்வாடித் தோழி தன் கேடயத்தை இன்றும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்தான் வைத்திருக்கிறாள். சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்பே பணியாளர்களைக் கௌரவித்து அனுப்பிவிடுங்கள். பெயரை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். மண்டபத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரை அனுப்பிப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர்களை அழைப்பதாக இருந்தால் செவ்வாயும் புதனும் வேண்டாம்: செவ்வாய் கர்ப்பிணிகளின் பரிசோதனை நாள், புதன் குழந்தைகளின் தடுப்பூசி நாள்.