நர்ஸுகள் போட்ட கையெழுத்து – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒப்பந்த நர்ஸுகளின் போராட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து என் அப்பா அரசு மருத்துவமனையில் படுத்திருந்த சமயத்தில்தான் அவர்கள் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அன்று அப்பாவுக்கு வலி ஊசி போட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்து, பரீட்சை எழுதி, கையெழுத்துப் போட்டுத்தானே வேலையில் சேர்ந்தார்கள்? பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமே. தனியார் மருத்துவமனையில் இதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் நர்ஸுகள் எங்கே போய் உட்காருவது? நோயாளியைப் பணயம் வைத்துக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா இப்போது எழுந்து நடமாடுகிறாரா? அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் இரண்டு நாள் இருமினாலே உயிர் போய் உயிர் வரும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பஞ்சப்படி, இன்கிரிமென்ட் எதுவும் ஒட்டாத மொத்தத் தொகை. இரண்டு வருடம் இப்படி, அப்புறம் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கு உள்ளதுபோல் படிகளும் இன்கிரிமென்ட்டும் சேர்ந்த சம்பளம் என்பதுதான் அவர்களிடம் சொல்லப்பட்டது. அந்த இரண்டு வருடத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காததால் 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது, எழுந்து போனார்கள். சம்பளம் 14,000 ஆயிற்று, பிறகு 18,000 ஆயிற்று. 2021 தேர்தலில் பணி நிரந்தரம் என்று திமுக வாக்குறுதி கொடுத்தது. காலியிடம் வரவர ஒரு பகுதியினர் நிரந்தரம் ஆனார்கள். மிச்சமிருந்தவர்கள் 2025 டிசம்பரிலும் அதே கோரிக்கையோடு சென்னைக்கு வந்தார்கள். கையெழுத்தைக் காப்பாற்றாதது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நிரந்தரம் கேட்டால் அரசுகள் வழக்கமாக எடுத்து நீட்டுவது 2006-ல் வந்த உமாதேவி வழக்கின் தீர்ப்பை. கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று தடுத்த தீர்ப்பு அது. சரி, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, போட்டித் தேர்வு எழுதி வந்தவர் எந்தக் கொல்லைப்புறத்தில் நுழைந்தார்? தற்காலிக ஊழியர் ஆனாலும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. அதை மட்டும் யாரும் எடுத்து நீட்டுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகளுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம். இரவு பதினொன்றரைக்குப் போனோம். டியூட்டியில் ஒரே ஒரு நர்ஸ். இருபத்தெட்டு வயது இருக்கலாம், தெற்கத்திப் பேச்சு. ஒரு கை அக்கா மகளின் வயிற்றின் மேல், கண் சுவர்க் கடிகாரத்தில். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வருகிறது என்று எண்ணிச் சீட்டில் குறித்துக்கொண்டார். நடுவில் ஒரு தாத்தாவைத் தேள் கொட்டிவிட்டது என்று தூக்கி வந்தார்கள். கையுறையைக் கழற்றி, அவருக்கு ஊசி போட்டு, வேறு கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றரை மணிக்குக் குழந்தை. நாலு மணிக்கு மேஜையில் ரெஜிஸ்டர்களை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய் அப்படியே இருந்தது. பேச்சுவாக்கில்தான் சொன்னார், ஒப்பந்த நர்ஸாம், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கமாம், அம்மாவிடம் விட்டு வந்த குழந்தையைப் பார்த்து இரண்டு மாதம் ஆயிற்றாம்.

மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளைப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்ப்பது என்பது தமிழ்நாடு கொண்டுவந்த ஏற்பாடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. மேடைக்கு மேடை நாம் பெருமை பேசும் கணக்கு இது. நிரந்தர அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம். பிரசவம் பார்க்கிற ஒப்பந்த நர்ஸ் தன் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

வேலைநிறுத்தம் என்று வந்தால் அரசு சொல்வது, இது அத்தியாவசியப் பணி, நிறுத்தக் கூடாது. 2003-ல் ஜெயலலிதா அரசு வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரேயடியாக வேலையை விட்டு அனுப்பியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்று அதை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அத்தியாவசியம் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் பேச உட்கார்ந்தால் மட்டும் அதே வேலை எப்படித் தற்காலிகம் ஆகிவிடுகிறது? எனக்கு இந்த ஒரு இடம்தான் பிடிபடவே இல்லை. கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது என்று சொன்னார்களே, அதுவரை அவர்களும் அத்தியாவசியம்தான்.

தனியார் நர்ஸுகள் பற்றி நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு 2016-ல் அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் தனியார் நர்ஸுகள் சங்கம் வைத்து, 2017-ல் தெருவுக்கு வந்து அந்த இருபதாயிரத்தை வாங்கினார்கள். இங்கே அரசே 18,000 கொடுத்துக்கொண்டிருக்கும்போது தனியார் முதலாளியிடம் யார் போய் என்ன கேட்பது? ‘கவர்மென்ட்டே அவ்வளவுதான் தருகிறது’ என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது. அதனால் இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்த எனக்கு மனமில்லை.

இனி, உங்கள் அப்பாவின் ஒன்றரை மணி நேரம். அன்று ஆள் குறைவு, சந்தேகமில்லை. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். செக்கப்புக்கு மறுபடி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவீர்கள் அல்லவா? போராட்டம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அதே வார்டுக்குள் ஒரு எட்டுப் போய், படுக்கை எத்தனை, தரையில் பாய் எத்தனை, நர்ஸ் எத்தனை என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள். முடிந்தால் இரவு ஷிப்டில்.