வாசலும் வழியும்: வாசகர் கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் கடைகளுக்குள்ளும் பொது இடங்களுக்குள்ளும் மாற்றுத்திறனாளிகள் நுழைவதற்கு இருக்கும் தடைகளைப் பற்றி எழுதும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, காலைத் தாங்கும் காலிப்பர் கருவியும் ஊன்றுகோலுமாக இந்த ஊரின் படிகளை ஏறி இறங்கியே வளர்ந்தவன் நான். என் பதில்களில் சட்டத்தோடு என் முழங்கால் அறிந்ததும் சேர்ந்தே வரும்.

கேள்வி (வாசகி, சிம்மக்கல்): பக்கவாதம் வந்ததிலிருந்து என் தாயார் சக்கர நாற்காலியில்தான் வெளியே வருகிறார். பேத்தியின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். வாசலில் நான்கு படிகள். கடைப் பையன்கள் இருவர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். பிறகு புடவைகளைத் தெருவுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அன்போடு உதவ வந்தவர்களை மறுத்தது தவறா? கடையைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா?

பதில்: தவறே இல்லை. தூக்கப்படுகிறவரின் இடத்தில் இருந்து பார்த்தால்தான் அது விளங்கும். முன்பின் அறியாத ஆண்கள் இருபுறமும் பிடிக்க, சேலை விலகுகிறதா என்ற கவலையோடு, கடைவீதி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அந்தரத்தில் ஏறுவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார். ஆபத்தும் இருக்கிறது. பல நாற்காலிகளில் கை வைக்கும் பகுதியும் கால் வைக்கும் பலகையும் கழற்றக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் பாதி வழியில் கையோடு கழன்று வந்துவிடும். வேறு வழியே இல்லாத நேரத்தில் நாற்காலியின் இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களின் நல்ல மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இருந்தால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் தெருவில் நிற்கலாம் என்பது வழியாகாது.

உரிமை நிச்சயமாக உண்டு. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது அரசுக் கட்டடங்களோடு நிற்கவில்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும், வணிகம் நடக்கும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. அச்சட்டத்தின் 46ஆவது பிரிவு, சேவை வழங்குகிறவர் அரசானாலும் தனியாரானாலும், மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின்படி நடந்தாக வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அதற்குப் பிறகு 50,000 ரூபாயில் தொடங்கி 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவு இடம் தருகிறது. 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளில் அணுகல் தரங்கள் வெறும் வழிகாட்டுதலாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றைத் தனியாக வரையறுக்கும்படி உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் அந்தக் கடைக்காரரிடம் கேட்பது சலுகை அன்று. முதலில் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை. அடுத்த கடிதத்தைப் பார்த்தால், கடைக்காரர்களிடமும் நியாயமான குழப்பங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி (கடை உரிமையாளர், கீழவாசல்): என் மருந்துக்கடை பத்தடி அகலம். கடைத்தளம் சாலையிலிருந்து பதினான்கு அங்குல உயரம், இரண்டு படிகள். ஷட்டருக்கும் சாலைக்கும் இடையே என் பட்டாவுக்குள் நான்கடி இடம் இருக்கிறது. சாய்தளம் கட்டத் தயார்தான். ஆனால் இந்த நான்கடிக்குள் எப்படிக் கட்டுவது? உண்மையில் சக்கர நாற்காலியில் யாரும் என் கடைக்கு வருவதும் இல்லை.

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களும் மருந்து வாங்குகிறார்கள். உங்கள் கடைக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் பதினான்கு அங்குலம்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே சாய்தளத்தின் சரிவுக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்திருக்கும் எல்லை. பதினான்கு அங்குலத்துக்குப் பதினான்கு அடி வேண்டும். நான்கடிக்குள் அதை அடக்க நினைத்தால், நம் ஊர்க் கடைவீதிகளில் எங்கும் காண்கிற அந்தச் செங்குத்துச் சரிவுதான் வரும். இரவில் இருசக்கர வண்டியைக் கடைக்குள் ஏற்றுவதற்காகக் கட்டிய சரிவுகள் அவை. கேட்டால் சாய்தளம் என்று காட்டுகிறார்கள். சென்ற மாதம் ஒரு கடை வாசலில் அப்படி ஒன்றை அளவு நாடா வைத்துப் பார்த்தேன்: உயரம் பதினைந்து அங்குலம், நீளம் மூன்றே முக்கால் அடி, மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. தூறல் விழுந்த அந்த நேரத்தில் என் ஊன்றுகோலின் ரப்பர் முனை இரண்டாம் எட்டிலேயே வழுக்கியது. சக்கர நாற்காலி அதில் ஏறினால் பின்பக்கமாகக் கவிழும். இப்படி ஒன்றைக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல். ஏனென்றால் வழி இருக்கிறது என்று நம்பி ஒருவர் ஏறிவிடுவார்.

சாலையை நோக்கி நீட்டலாமா என்றால் கூடாது. அது ஆக்கிரமிப்பு. மாநகராட்சி இடிப்பது இருக்கட்டும், ஓரமாக நடந்துவரும் பார்வையற்றவர் அதில்தான் தடுக்கி விழுவார்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, வெளியே கட்டுவதற்குப் பதிலாக உள்ளே இறக்குவது. மருந்துக்கடையில் வாடிக்கையாளர் நிற்பது ஷட்டருக்கும் மேசைக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும்தான். மேசையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஷட்டரிலிருந்து ஏழடி ஆழத்துக்கு அந்தப் பகுதியின் தளத்தை மட்டும் எட்டு அங்குலம் இறக்குங்கள். மருந்து அலமாரிகள் இருக்கும் பின்பகுதி இப்போதுள்ள உயரத்திலேயே இருக்கட்டும். இப்போது சாலைக்கும் வாடிக்கையாளர் நிற்கும் தளத்துக்கும் உள்ள உயரம் ஆறு அங்குலம். தேவைப்படும் சாய்தளம் ஆறடி. நான்கடி உங்கள் வெளியிடத்திலும் இரண்டடி ஷட்டருக்கு உள்ளேயுமாக அது அடங்கிவிடும். மீதி ஐந்தடி சமதளத்தில் நாற்காலி திரும்பும். சாய்தளத்தின் அகலம் நான்கடிக்குக் குறையாமலும், தரை சொரசொரப்பாகவும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சிறு விளிம்போடும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி என்னைப் போன்றவர்களுக்காக. மேசையில் ஓர் இரண்டரை அடி நீளத்தையாவது, வாடிக்கையாளர் நிற்கும் தளத்திலிருந்து முப்பது அங்குல உயரத்துக்குத் தாழ்த்திவிட்டால், உட்கார்ந்திருப்பவர் மருந்துச் சீட்டை நீட்டவும் சில்லறையை எண்ணி வாங்கவும் முடியும்.

மழைத்தண்ணீர் உள்ளே வருமே என்று கேட்பீர்கள். அந்த அச்சம் நியாயமானது. கடைகள் இவ்வளவு உயர்ந்ததற்கே அதுதானே காரணம்? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடப் போட, சாலை உயர்கிறது. தண்ணீருக்குப் பயந்து கடைக்காரர் தளத்தை உயர்த்துகிறார். கூடவே ஒரு படியும் கூடுகிறது. ஆறு அங்குல உயரமும், சாய்தளத்தின் அடியில் குறுக்கே ஒரு கம்பிவலை மூடிய வடிகாலும் சாதாரண மழைக்குப் போதும். அதே நேரத்தில் உங்கள் வணிகர் சங்கத்தின் மூலம், சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் பத்து ஆண்டுகளில் நீங்கள் கட்டிய சாய்தளமும் சாலைக்கு அடியில் போய்விடும்.

வேலை முடியும்வரை சாலை மட்டத்தில் ஓர் அழைப்பு மணியை வையுங்கள். அது தற்காலிக ஏற்பாடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (வாசகர், மேலூர்): பேருந்து நிலையம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போய்விட்டார். திறந்தபோது உள்ளே வாளியும் துடைப்பமும் பினாயில் கேனும்தான் இருந்தன. இதற்கு என்ன செய்வது?

பதில்: படிக்கும்போதே நெஞ்சு கனத்தது. பயணம் கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பயணம் செய்தேன். மதுரை வெயிலில் அது என்ன பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கழிப்பறையின் கதவு 900 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி, திறப்பு விட வேண்டும். வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் தவறி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. இருக்கையை ஒட்டிப் பிடிமானக் கம்பியும், உட்கார்ந்தபடி எட்டும் தூரத்தில் குழாயும் வேண்டும். இவை எல்லாம் சரியாகக் கட்டப்பட்டு, பிறகு பூட்டு மாட்டப்பட்டால் கட்டியதே வீண். துப்புரவுப் பொருள்களை வைக்கத் தனி அலமாரி இல்லாததுதான் பல இடங்களில் இந்த அறை சாமான் அறையாவதற்குக் காரணம். ஆகவே உங்கள் மனுவில் பூட்டை எடுக்கச் சொல்வதோடு, ஓர் அலமாரி வைக்கவும் சொல்லுங்கள்.

கேள்வி (பார்வை மாற்றுத்திறனாளி மாணவர், கோரிப்பாளையம்): நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களை நம்பி நடந்தேன். நேராக ஒரு மின்பெட்டியில் முட்டினேன். அந்தக் கற்களால் என்ன பயன்?

பதில்: நீளக்கோடு உள்ள கல் போகலாம் என்றும், புள்ளி உள்ள கல் நில், கவனி என்றும் சொல்லும் மொழி அது. பதித்தவருக்கு அந்த மொழி தெரியாததால், அழகுக்கான கல்லாக நினைத்து வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பதிக்கும் முன்பாகப் பார்வையற்ற ஒருவரை நடக்கவிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை நேராது; ஒப்பந்தத்தில் அதையே நிபந்தனையாக எழுத வேண்டும். நல்ல கல்லின் மேலும் வண்டியை நிறுத்துவதும் டீக்கடை பலகையை வைப்பதும் நம் குற்றம். இதைப் படிக்கும் கடைக்காரர்கள் நாளைக் காலையே அந்தப் பலகையை உள்ளே எடுத்துவிடலாம்.

கேள்வி (வாசகர், உசிலம்பட்டி): ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் பெற மாடி ஏறச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு கால்களும் இல்லை. யாரிடம் மனு கொடுப்பது?

பதில்: அன்றைய வேலைக்கு, அலுவலரைக் கீழே வந்து மனுவைப் பெறச் சொல்லுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். மனு வாங்கும் மேசையையே தரைத்தளத்துக்கு மாற்றக் கோரி எழுதுங்கள். திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நகலும் கொடுங்கள். பயன் இல்லையென்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அஞ்சலில் அனுப்பலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப்பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வழக்கு என்று வந்தாலும் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மனுவில் "சிரமமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், கைப்பிடி உண்டா, தரைத்தளத்தில் எந்த அறை காலியாக இருக்கிறது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டீர்கள் என்பதை எழுதி, ஒரு புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். படியை அளக்க ஆள் இல்லையென்றால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் அடிக்கோலைக் கொடுத்து அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டு கையில் வாங்காமல் திரும்ப வேண்டாம். அதன் எண்ணை எனக்கும் எழுதுங்கள். பதில் வரும்வரை நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.