மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் ஒன்றா? வீட்டருகே கூடு இருந்தால் கலைக்க வேண்டுமா?

ஒன்றல்ல. நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் வீட்டில் யாரோ மண்ணெண்ணெய்த் துணியோடு தயாராக நிற்கிறார்கள் போல. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்க மருதாணியில் போன மாசியில் ஒரு கூடு. உள்ளங்கை அகலம்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "மலைத்தேனீடே, கொளுத்திப் போட்டுரு" என்றார். விடவில்லை நான். "அண்ணாச்சி, மலைத்தேனீ செடியிலயா கட்டும்? அது பாறை விளிம்பு, உசந்த மரக்கிளை, தண்ணித்தொட்டி அடியில தொங்கும். அடை ஒரு மீட்டர் கூட வரும். இந்த ஈயைப் பாருங்க, அதுல பாதிகூட இல்ல" என்றேன். நம்பவில்லை. கிட்டே கூட்டிப்போய், கூட்டுக்கு இருபுறமும் குச்சியில் பூசியிருந்த பிசினைக் காட்டினேன். எறும்பு ஏறாமலிருக்கக் கொம்புத்தேனீ செய்யும் காவல் அது. மனிதர் அதற்கப்புறம்தான் தீப்பெட்டியை மடியில் போட்டார். பூ குறைந்ததும் ஈக்கள் தாமாகவே கிளம்பிவிட்டன.

பூச்சியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் வெறும் பி.காம். கொம்புத்தேனீ கொட்டாது என்றும் சொல்லவில்லை. கொட்டும், ஆனால் சீண்டினால்தான். மலைத்தேனீ கதை வேறு. கூட்டமாக விரட்டி வந்து கொட்டும், உயிரே போயிருக்கிறது. இருட்டில் கலைத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், நிலா வெளிச்சத்தில் அது இரவிலும் பறக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதுதான் சரி.

பெட்டியில் வளர்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். இரண்டுமே திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுகிறவை, பெட்டிக்கு அடங்காது. தேன் அளவில்தான் வித்தியாசம்: மலைத்தேனீயின் பெரிய அடையில் கிலோ கணக்கில் இறங்கும், கொம்புத்தேனீயிடம் சில நூறு கிராம் கிடைத்தாலே பெரிது.

தேன் என்றதும் ஞாபகம் வருகிறது. புளியரை தாண்டி மலையேறும் வழியில் தெரிந்த ஆளிடம் வாங்கிய மலைத்தேனை ஆசையாக என் மச்சானுக்குக் கொடுத்தேன். நல்ல தேனை நாய் நக்காதாம். தெருநாய்க்கு ஊற்றிப் பார்த்திருக்கிறார், அது நக்கிவிட்டது. குடும்ப குரூப்பில் என்னைச் சர்க்கரைப்பாகு வியாபாரி ஆக்கிவிட்டார். பசித்த நாய் எதைத்தான் நக்காது? கல்யாண வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, உங்கள் கூடு செடியிலா, கட்டடத்திலா? அதைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். செடியில் என்றால் அந்தப் பக்கம் துணி காயப்போடாமல் இருந்தால் போதும்.