கணினிக் கேள்வி–பதில்: வெளிச்ச விசையை அமுக்கியும் திரை அசையவில்லையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபின், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிய வாசகர்களின் கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்பில் தருகிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: லோ யாட் பிளாசாவில் 900 ரிங்கிட்டுக்கு வாங்கிய மடிக்கணினி, இன்டெல் சில்லு. லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வெளிச்ச விசையை அமுக்கினால் திரையில் பட்டை ஏறி இறங்குகிறது. வெளிச்சம் மட்டும் அப்படியே நிற்கிறது. இணையத்தில் கண்ட நாலைந்து கெர்னல் அளபுருக்களைச் சேர்த்தும் பயனில்லை. மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். புதிதாக நிறுவினாலும் இதே கோளாறு திரும்ப வரக்கூடும்.

பட்டை நகர்கிறது என்பதே பாதி விடை. விசையை அமுக்கிய செய்தி கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) வந்து, டெஸ்க்டாப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. விசையைத் தொட வேண்டியதில்லை. டெஸ்க்டாப் எந்தப் பின்னொளிச் சாதனத்துக்கு ஆணையிடுகிறதோ, அது உங்கள் திரையின் உண்மையான கட்டுப்பாடாக இல்லை. அதைத்தான் தேட வேண்டும்.

முதலில், சேர்த்த அளபுருக்கள் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் அமைப்புச் சொற்கள்) அனைத்தையும் எடுத்துவிடுங்கள். பல ஒன்றாக இருந்தால் எது கெடுக்கிறது, எது உதவுகிறது என்று தெரியாது. இப்போது எவை அமலில் உள்ளன என்பதை ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’ காட்டும். அந்த வரியில் ‘நோமோட்செட்’ இருந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். பாதுகாப்பான கிராபிக்ஸ் முறையில் நிறுவியவர்களின் கணினியில் இந்தச் சொல் அப்படியே தங்கிவிடுவதுண்டு. அது இருக்கும்வரை இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காது. பின்னொளிக் கட்டுப்பாடும் தோன்றாது.

அடுத்து ‘எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்’. ‘இன்டெல்_பேக்லைட்’ என்று ஒன்று தெரிய வேண்டும். 5.15 போன்ற பழைய கெர்னலில் ‘ஏசிபிஐ_வீடியோ0’ (கணினியின் உள்நிரல் வழியான கட்டுப்பாடு) என்று இன்னொன்றும் பக்கத்தில் நிற்கலாம். இரண்டும் இருந்தால் டெஸ்க்டாப் பெரும்பாலும் ஏசிபிஐ சாதனத்தையே தேர்ந்தெடுக்கும். பல கணினிகளில் அது வெறும் பெயருக்குத்தான். 6.1 கெர்னல் முதல் ஒரு திரைக்கு ஒரு சாதனம் மட்டும் என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். ஆகவே புதிய கெர்னலுக்கு மாறினாலே சிலருக்குச் சரியாகிவிடும். மின்ட்டில் அப்டேட் மேனேஜருக்குள், ‘வியூ’ பட்டியலில் கெர்னல் பகுதி இருக்கிறது.

எது வேலை செய்கிறது என்று கையாலேயே சோதித்துவிடலாம். சாதனத்தின் அடைவுக்குள் ‘மேக்ஸ்_பிரைட்னஸ்’ கோப்பைப் படித்து உச்ச எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அது 937 என்று வைத்துக்கொண்டால்:

எக்கோ 300 | சூடோ டீ /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/இன்டெல்_பேக்லைட்/பிரைட்னஸ்

பலர் ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளப் பார்த்து, அனுமதி மறுப்பைச் சந்திக்கிறார்கள். அந்த அம்புக்குறியைச் செயல்படுத்துவது சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) அல்ல, உங்கள் சாதாரணக் கணக்கின் ஷெல் (கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல்). அதனால்தான் ‘டீ’ (டி-இ-இ). எண் பூஜ்யம் மட்டும் கொடுக்காதீர்கள். சில திரைகள் முற்றிலும் இருண்டுவிடும். உச்ச எண்ணில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் சோதியுங்கள்.

திரை மங்கினால் நோய் பிடிபட்டது. மருந்து ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’. இதை நிரந்தரமாக எழுதுமுன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கணினி எழும்போது எஸ்கேப் (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்) அமுக்கி கிரப் பட்டியலுக்கு (லினக்ஸ் ஏறுமுன் வரும் தொடக்கப் பட்டியல்) போய், ‘இ’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு அளபுருவைச் சேர்த்து எஃப்10 அமுக்குங்கள். இது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும். பலிக்காவிட்டால் மறுதொடக்கத்தில் தானாகப் போய்விடும்.

பலித்தால் ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பைத் திறந்து, ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்’ வரியில் (இந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்து) மேற்கோள் குறிகளுக்கு உள்ளே சேர்த்து, ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். மேற்கோளுக்கு வெளியே எழுதுவதும், இந்தக் கடைசிக் கட்டளையை மறப்பதும்தான் வழக்கமான தவறுகள்.

பழைய குறிப்புகளில் ‘ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டர்’ அடிக்கடி வரும். உற்பத்தியாளரின் டிரைவரே பின்னொளியைக் கட்டுப்படுத்திய பழைய கணினிகளுக்கானது அது. இன்றைய கணினியில் போட்டால் பேக்லைட் அடைவே காலியாகிவிடக்கூடும். ‘எக்ஸ்ராண்டர்’ கட்டளையின் பிரைட்னஸ் வழியையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது நிறங்களைத்தான் கறுக்க வைக்கும். பின்னொளி முழு வீச்சில் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் பேட்டரி கூடுதலாக ஒரு நிமிடம்கூட நீடிக்காது.

கேள்வி: என் கணினியில் பட்டையே தோன்றுவதில்லை. விசையை அமுக்கினால் எதுவும் நடப்பதில்லை. ஒலி விசைகள் மட்டும் வேலை செய்கின்றன.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்களுடையது மறுபாதிச் சிக்கல், விசை எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஈவ்டெஸ்ட்’ என்று நிறுவி, ‘சூடோ ஈவ்டெஸ்ட்’ ஓட்டுங்கள். சாதனப் பட்டியல் எண்களோடு வரும். வெளிச்ச விசைகள் எப்போதும் சாதாரண விசைப்பலகை வழியாக வருவதில்லை. ‘வீடியோ பஸ்’, ‘ஏசஸ் டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்’, ‘திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்’, ‘இன்டெல் எச்ஐடி ஈவென்ட்ஸ்’ போன்ற பெயர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, விசையை அமுக்கிப் பாருங்கள். குறைக்கும் விசைக்கு 224, கூட்டும் விசைக்கு 225 என்ற எண் வர வேண்டும். எஃப்என் விசையைத் தனியாக அமுக்கினால் பெரும்பாலான கணினிகளில் ஒன்றும் வராது. அதைக் கணினிக்குள் இருக்கும் சிறு கட்டுப்படுத்தியே வைத்துக்கொள்கிறது. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

எண் வந்தால் கெர்னலில் குறையில்லை. டெஸ்க்டாப்தான் விசையைக் கண்டுகொள்ளவில்லை. ஐ3, ஸ்வே போன்ற எளிய சூழல்களில் நாமே இணைத்துத் தர வேண்டும். ‘பிரைட்னஸ்சிடிஎல்’ நிறுவி, குறைக்கும் விசைக்கு ‘பிரைட்னஸ்சிடிஎல் செட் 5%-’, கூட்டும் விசைக்கு ‘பிரைட்னஸ்சிடிஎல் செட் +5%’ என்று கட்டிவிடுங்கள். கழித்தல் குறி எண்ணுக்குப் பின், கூட்டல் குறி எண்ணுக்கு முன். மாற்றிப் போட்டால் வேலைக்காகாது.

எங்குமே எண் வரவில்லையா? விசையை அமுக்கிய கையோடு ‘சூடோ டிமெஸெஜ் | டெயில்’ ஓட்டுங்கள் (டிமெஸெஜ் என்பது டி-எம்-இ-எஸ்-ஜி). ‘அன்நோன் கீ பிரெஸ்ட்’ என்று ஒரு வரியும் அதில் ஒரு குறியீடும் வந்திருந்தால், அந்தக் குறியீட்டுக்குப் பெயர் சூட்டினால் போதும். ‘/இடிசி/யூடெவ்/எச்டபிள்யூடிபி.டி’ அடைவில் 90 என்று தொடங்கி ‘.எச்டபிள்யூடிபி’ என்று முடியும் கோப்பு ஒன்றை உண்டாக்குங்கள். முதல் வரி: ஈவ்டெவ்:ஏடிகேபிடி:டிஎம்ஐ:* இரண்டாம் வரி: கீபோர்ட்_கீ_ (இதுவரை பெரிய எழுத்து), அதை ஒட்டி உங்கள் குறியீடு, பிறகு =பிரைட்னஸ்டவுன். குறியீட்டின் தொடக்கத்தில் உள்ள 0எக்ஸ் பகுதியை விட்டுவிடுங்கள். இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் முழுப் பதிவும் செல்லாது. பிறகு ‘சூடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்’ ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அந்த வரியும் வராதபோதுதான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். ‘எல்எஸ்மாட்’ பட்டியலில் உங்கள் பிராண்டுக்கு உரியது ஏறியிருக்கிறதா பாருங்கள்: லெனோவோ திங்க்பேடுக்குத் ‘திங்க்பேட்_ஏசிபிஐ’, ஐடியாபேடுக்கு ‘ஐடியாபேட்_லேப்டாப்’, ஏசஸுக்கு ‘ஏசஸ்_என்பி_டபிள்யூஎம்ஐ’, எச்பிக்கு ‘எச்பி_டபிள்யூஎம்ஐ’.

கேள்வி: நிரல் எழுதப் பழகுகிறேன். எஃப்5 அமுக்கினால் வெளிச்சம் மாறுகிறது. எஃப்5 வேலை நடப்பதில்லை.
– மாணவர், பட்டர்வர்த்

பதில்: எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து ஒருமுறை அமுக்குங்கள். பல கணினிகளில் எஸ்கேப் விசையின் மேலேயே சிறு பூட்டுப் படம் இருக்கும். இல்லையென்றால் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும்: லெனோவோவில் ‘ஹாட்கீ மோட்’, எச்பியில் ‘ஆக்‌ஷன் கீஸ் மோட்’ என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். ஆப்பிள் விசைப்பலகைக்கும், தன்னை ஆப்பிள் என்று அறிவித்துக்கொள்ளும் சில கீக்ரான் விசைப்பலகைகளுக்கும் வழி வேறு. ‘/இடிசி/மோட்புரோப்.டி/எச்ஐடி_ஆப்பிள்.கான்ஃப்’ கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் எச்ஐடி_ஆப்பிள் எஃப்என்மோட்=2’ என்று எழுதி, ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ வழியாக இணைத்த பெரிய திரையின் வெளிச்சம் விசைக்கு மாறுவதில்லையே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அந்த விசைகள் மடிக்கணினியின் சொந்தத் திரைக்கானவை. வெளித்திரையோடு பேச ‘டிடிசியூட்டில்’ வேண்டும். நிறுவி, ‘சூடோ மோட்புரோப் ஐ2சி-டெவ்’ ஓட்டி, ‘சூடோ டிடிசியூட்டில் டிடெக்ட்’ மூலம் திரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ‘சூடோ டிடிசியூட்டில் செட்விசிபி 10 50’ வெளிச்சத்தை 50-க்குக் கொண்டுவரும். 10 என்பது வெளிச்சத்துக்கான குறியீட்டு எண். திரை தெரியாவிட்டால் அதன் சொந்தப் பட்டியலில் ‘டிடிசி/சிஐ’ (கணினி திரையோடு பேசும் வழி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவான மாற்றிகளும் டாக்குகளும் இந்தப் பேச்சைக் கடத்தாமல் விட்டுவிடுவதுண்டு. ஒருமுறை கேபிளை நேரடியாக மாட்டிச் சோதியுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிச்சம் பழைய அளவுக்கே போய்விடுகிறது.
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சிஸ்டம்டி (லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல்) அந்த அளவைக் கணினியை முறையாக நிறுத்தும்போதுதான் சேமிக்கிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பவராக இருந்தால், கடைசியாக வைத்த அளவு எழுதப்படாது. முறையாக நிறுத்தியும் மறந்தால் ‘/வார்/லிப்/சிஸ்டம்டி/பேக்லைட்’ அடைவில் உங்கள் திரைக்கான கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், சேமிக்கும் பணியே நடக்கவில்லை. கோப்பு இருந்தும் மறந்தால், கெர்னல் வரியில் ‘சிஸ்டம்டி.ரெஸ்டோர்_ஸ்டேட்=0’ என்று யாரேனும் சேர்த்திருக்கலாம்; இருந்தால் அதை நீக்கி ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள்.