களப்பணியும் வாக்குச்சீட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றதையொட்டி நண்பர்களுடன் விவாதித்தோம். கட்சிகளுக்குக் கறுப்பினப் பெண்கள் வெறும் அடையாளம் மட்டுமே. தேர்தலை விட்டுவிட்டு அவர்கள் களப்பணியோடு நின்றுகொள்வதே நல்லதல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

கட்சிகளைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் களப்பணி வேறு, தேர்தல் வேறு என்று பிரிப்பதற்கு அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியின் வரலாறு இடம் கொடுக்காது. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பெயர் பதியப் போவதே அங்கே உயிரைப் பணயம் வைக்கும் களப்பணியாக இருந்தது.

குத்தகை விவசாயக் குடும்பத்தின் 20ஆவது குழந்தையான ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண், 1962 ஆகஸ்ட் 31 அன்று 17 பேருடன் இண்டியனோலா நகருக்குப் பெயர் பதியச் சென்றார். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவை எழுதி விளக்கச் சொல்லி, தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் போலீஸார் பேருந்தை மறித்து, அதன் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தைப் போலிருக்கிறது என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் விதித்தனர். அன்றிரவே, 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து ஹேமர் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் வாங்கிய அடியில் அவருடைய சிறுநீரகம் பழுதானது.

அடையாளம் என்றீர்கள். 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிப்பி பிரதிநிதிகள் குழுவுக்கு எதிராக ஹேமரும் தோழர்களும் அந்த இடங்களுக்கு உரிமை கோரியபோது, சமரசமாக இரண்டே பிரதிநிதி இடங்கள் தருவதாகக் கட்சி சொன்னது. "இரண்டு இடங்களுக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை" என்று அவர் மறுத்தார். அதே ஆண்டு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முயன்று தோற்றவர்தான் அவர். வெற்றிக்கு ஏங்கியவராக இருந்திருந்தால் அந்த இரண்டு இடங்களே பெரிதாகத் தெரிந்திருக்கும்.

பெயர் பதியும் முயற்சி வலுத்ததும், 1962இல் மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம் மத்திய அரசின் உணவுப் பொருள் விநியோகத்தையே நிறுத்தியது. பசித்த வயிற்றைக் காட்டி வாக்கைப் பறிக்க முடியும் என்பதை ஹேமர் கண்கூடாகக் கண்டவர். 1969இல் சன்ஃபிளவர் கவுண்டியில் அவர் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணையை நான் தேர்தல் வேலையாகவே பார்க்கிறேன். அங்கே ஒரு 'பன்றி வங்கி' இருந்தது: சினைப்பன்றியை ஒரு குடும்பம் வாங்கி வளர்க்கும், குட்டிகளை வைத்துக்கொண்டு தாயைத் திருப்பித் தரும். முதலாளியின் தயவில்லாமல் சாப்பிட முடிந்தவர்களால்தான் அச்சமின்றி வாக்களிக்க முடியும்.

அரசு வழக்கறிஞராக உயர்ந்து வந்த கமலா ஹாரிஸை இந்த வரிசையில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. கறுப்பின அரசியல்வாதியான ஸ்டேசி ஆப்ரம்ஸை வைப்பேன். 2018இல் ஜார்ஜியா ஆளுநர் தேர்தலில் தோற்ற பிறகும் அவர் வாக்காளர் பதிவு வேலையை விடவில்லை. 2021 ஜனவரியில் அம்மாநிலத்தின் இரண்டு செனட் (மேலவை) இடங்களும் குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியதை, அவரையும் வீடுவீடாக ஏறி இறங்கிய கறுப்பினப் பெண்களையும் விட்டுவிட்டு எவராலும் விளக்க முடியாது.