இகுவானா வாங்க மகனின் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் சாரதி. மகனுக்கு 14 வயது, தரம் 9. கொழும்பில் ஒரு கடையில் இகுவானா என்ற பெரிய பல்லியினத்தின் குட்டி 35,000 ரூபாவுக்கு இருப்பதாக அறிந்ததிலிருந்து மூன்று மாதமாக வீட்டில் அதே பேச்சுதான். கணவர் தொலைபேசியில், "ஆசையாகக் கேட்கிறான், வாங்கிக் கொடு" என்கிறார். எனக்கோ படத்தைப் பார்த்தாலே உடம்பு கூசுகிறது. மாமியார், "பல்லி தலையில் விழுந்தாலே பரிகாரம் தேடுகிறோம், இதைக் காசு கொடுத்துக் கூட்டி வருவதா" என்கிறார். காசில்லை என்று மகனிடம் சொன்னேன். "என் கணக்கில் 62,000 இருக்கிறதே" என்றான். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் உறவினர்கள் கொடுத்ததைப் போட்டுவந்த கணக்கு அது. அதை எடுக்கலாமா? இல்லை, கூரைத் தகரம் மாற்றுவதற்காகப் போட்ட சீட்டுக் காசு அடுத்த மாதம் கைக்கு வரும், அதில் வாங்கட்டுமா? எங்கள் மின்பட்டியல் மாதம் 54 அலகு அளவில் வருகிறது.

பதில்: சகோதரி, சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். சிறுவர் சேமிப்புக் கணக்கில் 18 வயதுக்கு முன் கைவைக்க வங்கிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. படிப்பு, மருத்துவம் என்று ஆவணங்களோடு போனால் யோசிப்பார்கள். இகுவானாவை எந்த முகாமையாளரும் அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டார். சீட்டுக் காசு கூரைக்குப் போகட்டும். ஹட்டன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. காசில்லை என்று மகனிடம் ஏன் சொன்னீர்கள்? உங்களுக்கு அந்தப் பிராணி மீது பயம். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் காசை முன்னால் நிறுத்திவிட்டீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலர் இதைத்தான் செய்கிறார்கள். 14 வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். காசுதான் தடை என்றால் காசோடு வந்து நிற்பான். அப்போது உங்கள் கையில் வேறு பதில் இருக்காது, வார்த்தையும் போய்விடும். "எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த வீட்டில் நானும்தான் இருக்கிறேன்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் கணவரையும் நான் குறை சொல்லமாட்டேன். தூர தேசத்தில் இருக்கும் தகப்பனுக்கு "வேண்டாம்" என்ற சொல் வாயில் வருவதில்லை. ஆனால், கட்டாரில் இருப்பவருக்கு இரவு 2 மணிக்கு விளக்கு அணைந்ததா என்று எழுந்து பார்க்கும் வேலை இல்லை. அது உங்களுக்குத்தான்.

பயத்தை ஓரமாக வைத்துவிட்டு உண்மையான கணக்கைப் பார்ப்போம். 35,000 ரூபா இந்தக் கதையில் மிகச் சிறிய தொகை.

இகுவானா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து வெப்பக் காட்டுப் பிராணி. தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும், இரவிலும் 22க்குக் கீழே போகக்கூடாது. ஜனவரி இரவில் உங்கள் வீட்டுக்குள் என்ன குளிர் என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்புக் கடைக்காரருக்கு அது தெரியாது, அவர் கடையில் மின்விசிறி ஓடுகிறது. பகலில் 100 வாட் சூட்டு விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 36 அலகு. இரவில் வெளிச்சம் தராத 60 வாட் சூட்டு விளக்குக்கு ஏறத்தாழ 22 அலகு. எலும்பு வளைந்துபோகாமல் இருக்கப் புறஊதாக் கதிர் குழல்விளக்கு ஒன்று, 25 வாட் என்று வைத்தால் இன்னும் 9. மொத்தம் 67.

உங்கள் 54ஐக் கூட்டினால் 121. வீட்டுப் பாவனைக் கட்டணம் எப்படிப் போடப்படுகிறது என்று பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். 60 அலகுக்குள் இருப்பவருக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டியவருக்கு முதல் அலகிலிருந்தே வேறு கணக்கு. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். படி ஏற ஏற அலகின் விலையோடு மாத நிலைக் கட்டணமும் ஏறும். நீங்கள் இருப்பது மலிவான படியில். இந்தப் பிராணி உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் 121ஆவது அலகில் வைக்கும். பாவனை இரண்டு மடங்கு சொச்சம்தான் என்றாலும் பட்டியல் இரண்டு மடங்கோடு நிற்காது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினால் கொஞ்சம் மிச்சப்படும். மார்கழி, தைக் குளிரில் அந்த மிச்சத்தையும் பெரிதாக நம்பாதீர்கள். புறஊதாக் குழலை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றவேண்டும். வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் குறைந்திருக்கும். அதனால் பலர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

நானுஓயாவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பழைய தொலைக்காட்சி அலுமாரிக்குக் கம்பிவலை அடித்து, உள்ளே கொய்யாக் கிளை, மேலே விளக்கு. இகுவானா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது. அலுமாரியின் மேல் பாட்டி நான்கு சோடி பாடசாலைக் காலுறைகளைக் காயப்போட்டிருந்தார். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். மழையில் மின்சாரம் போனால் சுடுதண்ணீரைப் போத்தலில் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வைப்பார்களாம். "அவருக்காகத்தான் தண்ணீர் கொதிக்கிறது, எங்களுக்குத் தேநீர் பிறகு" என்று வீட்டம்மா சிரித்தார். அந்தக் குட்டி வளர்ந்தால் வால் நுனிவரை ஒன்றரை மீற்றரைத் தாண்டும், அதற்கு அலுமாரி போதாது, சிறு அறையே வேண்டும் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பாடு இலைதழைதானே, மலையகத்தில் மரக்கறிக்கா பஞ்சம் என்று மகன் சொல்வான். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் லீக்ஸ் அதற்கு ஆகாது, கோவாவும் அளவோடுதான். முருங்கைக் கீரை கீழ்நாட்டிலிருந்து சந்தைக்கு வரவேண்டும். செம்பருத்தி இலை, பூ கிடைத்தால் நல்லது. மருத்துவத்துக்கு, ஊர்வன பார்த்துப் பழகிய வைத்தியர் பக்கத்தில் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலைதான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக, மடியில் ஒரு பெட்டியோடு பஸ்ஸில் போவதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். 19, 20 வயதில் மகன் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போய்விடுவான். இகுவானா போகாது. கடன் வாங்கும்போது பிணைக்கு நிற்பவர் யார் என்று வங்கி கேட்கும். இந்தக் கடனுக்குப் பிணை நீங்கள்.

கடையில் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பிராணிகளைக் கொண்டுவர அனுமதி வேண்டும். பத்திரம் இல்லாதது பறிமுதலானால் காசு திரும்பாது. இதைவிட மலிவாக நட்சத்திர ஆமையோ தேவாங்கோ தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருபவை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நட்சத்திர ஆமை விஷயத்தில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மகனிடம் நேராக மறுப்பதற்குப் பதில் ஒரு வாரம் சோதனை வைக்கலாம். 100 வாட் குண்டு பல்பைப் பகலிலும் 60 வாட் பல்பை இரவிலும், துணி, மரம் படாத இடத்தில் வெறுமனே எரியவிடுங்கள். காலையும் மாலையும் மாற்றுவது அவன் பொறுப்பு. தினமும் மீட்டரைப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். வார இறுதியில் அவனே நான்கால் பெருக்கி, பட்டியலின் பின்பக்கத்தை வைத்து விலை போடட்டும். அந்தக் கொப்பியைப் படம் எடுத்துத் தகப்பனுக்கும் அனுப்புங்கள்.

பிராணி ஆசை அதோடு போகவில்லையென்றால், அது வெறும் ஆசை அல்ல. அப்போது ஆக்சோலோட்டல் பற்றி யோசிக்கலாம். மெக்சிகோ ஏரியில் தோன்றிய நீர்வாழ் பிராணி; செவுள்கள் தலையின் இரு பக்கமும் இறகுபோல் விரிந்திருக்கும். அதற்கு வேண்டியது 16 முதல் 18 பாகைத் தண்ணீர். கொழும்பில் அதை வளர்க்கத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். உங்களுக்கு ஹட்டனின் குளிரே அந்த வேலையைப் பெருமளவு இலவசமாகச் செய்துவிடும். 10 வாட் வடிகட்டி இரவு பகல் ஓடினாலும் மாதம் 7 அலகுதான். 54உம் 7உம் 61 ஆகிவிடுகிறது, அந்த ஓர் அலகுக்காகச் சமையலறைப் பல்பை எல்.ஈ.டி.யாக மாற்றிவிடுங்கள். மண்புழு சாப்பிடும், களைநாசினி அடிக்காத நிலத்திலிருந்து எடுக்கவேண்டும். இதுவும் 10, 15 வருடம் இருக்கக்கூடியது, இதற்கும் பத்திரம் கேட்கவேண்டும், பிணை இதற்கும் நீங்கள்தான். ஆனால் பட்டியல் உங்களை விழுங்காது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆக்சோலோட்டல் தண்ணீரைவிட்டு ஏறி வந்து யார் தலையிலும் விழாது.