சிறுகதையில் வரும் வர்ணனையை இம்ப்ரெஷனிச ஓவியத்தோடு ஒப்பிடுவது சரியா?

ஒப்பிடலாம். ஆனால் இலக்கியக் கூட்டங்களில் சொல்கிற காரணத்துக்காக வேண்டாம். இம்ப்ரெஷனிசம் என்பது, ஒரு கணத்தில் கண்ணுக்குப் பட்ட வெளிச்சத்தையும் நிறத்தையும் அப்படியே தீட்டிய பிரெஞ்சு ஓவியர்களின் பாணி. ஆனால் கதை கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும், "இம்ப்ரெஷனிச எழுத்து" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு வந்த எரிச்சலில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் எம்.ஏ. மாணவர், கட்டுரை கொடுக்க நாள் நெருங்கிவிட்டது என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் கடலூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்துப் பன்னிரண்டு கதை எழுதியிருக்கிறேன், பாதி அச்சில் வந்தது. பாரிஸ் போனதில்லை. அந்த ஓவியர்களில் முக்கியமானவரான மோனேயின் ஓவியங்களைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், யாரும் அப்புறம் வந்து கேட்க வேண்டாம்.

கேப்பர் மலை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செம்மண் மேட்டை விட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. சூரியன் தேவனாம்பட்டினம் கடலிலிருந்து வருகிறது. ஆனாலும் காலைக் காட்சி வரையச் சொன்னால் ஆறாம் வகுப்பு முழுக்க ரெண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். கடற்கரைக் குப்பத்துப் பையனும் அதையேதான் வரைவான். தினம் பார்ப்பது ஒன்று, கைக்குப் பழகியது வேறொன்று. அந்தப் பிரெஞ்சு ஓவியர்கள் சண்டை போட்டது இதோடுதான். 1872-ல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் விடிகாலைப் பனியில் படகு எப்படித் தெரிந்ததோ அப்படியே, ரெண்டு மூன்று கறுப்புத் தீற்றலாக, மோனே போட்டார். 1874-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் "இம்ப்ரெஷன், சூரியோதயம்" என்ற ஓவியத்தின் தலைப்பையே பிடித்து, "இம்ப்ரெஷனிஸ்டுகள்" என்று கிண்டல் செய்தார். கிண்டல் பெயரே கடைசியில் நிலைத்துவிட்டது.

அந்த ஓவியத்தை வகுப்புக்குக் காட்ட ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தேன். கறுப்பு வெள்ளைதான், கலருக்குக் காசு யார் கொடுப்பது? தாளைப் பார்த்தால் சூரியனைக் காணோம்! மெஷின் சரியில்லை என்று கடைக்காரத் தம்பியிடம் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவன் இன்னொரு தாளும் ஓசியில் போட்டுக் கொடுத்தான். அதிலும் சூரியன் இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் படித்தேன். அந்த ஆரஞ்சுச் சூரியனுக்கும் சுற்றியிருக்கும் சாம்பல் வானத்துக்கும் வெளிச்சத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் நிறத்தில் மட்டும். நிறத்தை எடுத்துவிட்டால் சூரியன் வானத்தில் கரைந்துவிடும்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு விஷயம் எடுப்பாகத் தெரிய அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பதிலிருந்து வேறாக இருந்தால் போதும். "பயங்கரமான", "நெஞ்சைப் பிளக்கும்" என்று அடுக்குவது ஆரஞ்சோடு இன்னும் கொஞ்சம் வெள்ளையைக் கலக்குவது மாதிரி. சூரியன் வெளுத்துத்தான் போகும்.

இதை நான் என் கதையில் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தானே புயலைப் பற்றி ஒரு கதை. 2011 டிசம்பர் 30 விடிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதே, அதுதான். முதலில் எழுதியபோது ஒன்றையும் விடவில்லை. பறந்த தகரம், சாய்ந்த மின்கம்பம், பண்ருட்டிப் பக்கம் வேரோடு போன முந்திரி, பலா, எல்லாம் வரிசையாக வந்தது. புதுச்சேரியில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். முடித்ததும் ஒரு பெரியவர், "சார், தாசில்தாருக்கு மனு எழுதியிருக்கீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் அம்மா சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காற்று ஓய்ந்து, நாங்கள் நடு அறையை விட்டு எழுந்தோம். அம்மா காப்பி போட அடுப்பங்கரைக்குள் போய்விட்டு அங்கிருந்தே கேட்டார்: "யார்ரா உள்ள லைட்டப் போட்டது?" ராத்திரியே கரண்டு போய்விட்டது. கொல்லையில் முப்பது வருஷமாக அந்த ஜன்னலை மூடிக்கொண்டு நின்ற பலாமரம் விழுந்திருந்தது. காற்று போட்ட சத்தத்தில் மரம் விழுந்தது எங்கள் யார் காதிலும் விழவில்லை. மேகமூட்டத்து வெளிச்சம்தான், ஆனாலும் அந்த அறை அதுவரை கண்டதில்லை.

கதையை மறுபடி எழுதினேன். புயல் என்ற சொல்லே இல்லை. அடுப்பங்கரைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது, டப்பாக்களின் மேல் தூசி தெரிகிறது, அம்மா லைட் சுவிட்சைத் தேடுகிறார். மரத்தின் பெயர் கடைசி வரிக்கு முந்தின வரியில்தான் வரும்.

ஓவியத்துக்கும் கதைக்கும் உள்ள உறவும் வித்தியாசமும் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. ஓவியன் "மரம்" என்ற பெயரையே விட்டுவிட்டு வெறும் பச்சையையும் மஞ்சளையும் வைக்க முடியும். நமக்கு அந்த வசதி இல்லை. மரம் என்று எழுதியதுமே முழு மரம் வந்து நின்றுவிடும். அதனால் கதைக்காரன் செய்யக்கூடியது, பெயரைத் தள்ளிப்போடுவது. கண்ணுக்கு எது முதலில் பட்டதோ அது முதலில், என்னவென்று புரிவது பிறகு. தமிழுக்கு இது இயல்பாகவே வரும் என்பது என் கட்சி. "அலையில் ஏறி, மறைந்து, மறுபடி கறுப்பாய் மேலே வந்த படகு" என்று எழுதினால் படகு தானாகவே கடைசியில் வருகிறது. பெயரெச்சத்தை இலக்கணத் தேர்வோடு விட்டுவிட்டோம், அவ்வளவுதான். இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் டிராயிங் மாஸ்டர்.

இன்னொன்று, யாருடைய கண் என்பது. மோனேயின் ஓவியத்தில் பார்ப்பவர் மோனே. கதையில் லைட் எரிகிறது என்று நினைப்பது அம்மா. நான் நினைத்திருந்தால் அது வெறும் உவமை.

உங்கள் கட்டுரைக்கு ஆகும் என்று ஒரு தகவல். 1886 மே மாதம் ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செகாவ் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், நிலா இரவை வர்ணிக்க நிலாவைப் பற்றி எழுதாதே, அணைக்கட்டில் உடைந்த பாட்டில் துண்டு மின்னுவதைக் காட்டு, போதும் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சி தொடங்கியதும் அதே மாதம்தான். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

என் கதையை ஒரு பத்திரிகை போட்டது. அதில், பத்து நாள் கழித்து உச்சிவேளையில், வெள்ளையடித்த சுவரில் வெட்டிப்போட்ட கிளையின் "நீல நிழல்" என்று எழுதியிருந்தேன். வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் வருவதால் வெள்ளைச் சுவரில் நிழல் நீலமாகத்தான் இருக்கும். கறுப்பை எடுக்காமல் நிழலுக்கு நீலமும் ஊதாவும் போட்டது அந்த ஓவியர்கள் செய்த பெரிய காரியம். பிழை திருத்தியவர் அதை "நீள நிழல்" ஆக்கிவிட்டார். உச்சி வெயிலில் நீள நிழல் எங்கிருந்து வரும்? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பிரதிகூட அனுப்பவில்லை, பஸ் ஸ்டாண்ட் கடையில் நானே காசு கொடுத்து வாங்கினேன்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நிழலுக்கு நிறம் உண்டு என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட், அதையும் "போர்ஷன் முடியல சார்" என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நானும் தலையாட்டிவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பேன். ஆண்டு விழா என்றால் மட்டும் பேனர் எழுத மாஸ்டர் வேண்டும். கேள்விக்கு சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

கதை வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மரம் வருஷத்துக்கு முப்பது காய்க்குக் குறையாம காய்க்கும்டா. தெருவுக்கே சுளை கொடுத்தோம். அத ஏன் எழுதல?" என்றார். வெளிச்சத்தை மட்டும்தான் எழுதினேன் அம்மா என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கட்டுரையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.